மீனின் பெயரும் மீன் வளமும்

சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வில் தேக்கா சந்தை பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. 1915-ஆம் ஆண்டில் எழுந்த பழைய சந்தைக்குக் கண்டாங் கெர்பாவ் என்பது பெயர். எருமைத் தொழுவம் என்பது அம்மலாய்ச் சொற்களின் பொருள். 1982-இல் இன்றுள்ள கட்டடத்துக்குச் சந்தை மாறியபோது அது சூஜியாவ் நிலையம் எனப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் மக்கள் நாவில் என்றும் வழங்கிய தேக்கா என்னும் பெயரே அதற்கு மீண்டும் உரியதாயிற்று. சந்தை மூன்று பெயர் பூண்டதைப் போலவே, அங்கே பனிக்கட்டியின்மேல் அடுக்கிவைக்கப்பட்டுள்ள மீன்கள் ஒவ்வொன்றும் மூன்று நான்கு பெயர்களைத் தாங்கிக் கிடக்கின்றன. தமிழர் வஞ்சிரம் என்று கேட்பதை மலாய்க்காரர் தெங்கிரி என்பர். தமிழரின் கொடுவா அவர்களுக்குச் சியாக்காப். காலா குராவ் ஆகும். திருக்கை பாரி ஆகும். வாவல் பாவால் ஆகும். சீன வணிகர் இவற்றுக்குத் தத்தம் கிளைமொழிகளில் வேறு பெயர்கள் வைத்துள்ளனர்.

ஒரு மீனுக்குப் பல பெயர் இருப்பது மொழிகளின் செல்வம். ஆனால், பல மீன்களுக்கு ஒரே பெயர் வழங்கத் தொடங்குமானால் அது கடலுக்கு நேரும் இழப்பின் அறிகுறி. பெயர் தெரியாத பொருளை இழந்தாலும் இழந்தது தெரிவதில்லை. மீன் வளத்தைக் காப்பது பற்றி அறிவியலார் இன்று கூறுவனவற்றை ஆராயின், அவற்றுட் பல இவ்வெளிய உண்மையில் வந்து முடிவதைக் காணலாம்.

பெயர் தந்த பெருமை

மீனியல் என்னும் துறை மேல்நாட்டார் வகுத்தது எனினும், அதன் பெயர்ப் பட்டியலில் சோழமண்டலக் கரைக்கும் பங்குண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் சமயப்பணி புரிந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பார், அக்கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்திப் பெர்லின் நகரில் வாழ்ந்த மார்க்கஸ் புளோக் என்னும் மீனியல் அறிஞருக்கு அனுப்பிவந்தார். அந்நன்றியை மறவாத புளோக், கத்தாழை மீனினம் ஒன்றுக்கு ஜானின் பெயரால் 'ஜோனியஸ்' எனப் பெயரிட்டார். மலாய்க்காரர் கெலாமா என்று அழைக்கும் மீன்கள் இவ்வினத்தைச் சார்ந்தவை.

இதனினும் சிறந்தது கானாங்கெளுத்தியின் வரலாறு. பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், விசாகப்பட்டினத்தில் திரட்டிய இருநூறு மீன்களின் படங்களையும் விளக்கங்களையும் 1803-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மீன்களுக்கு அவ்வூரில் வழங்கிய தெலுங்குப் பெயர்களையே அதில் குறித்துவைத்தார். அவற்றுள் ஒன்று 'கானகூர்த்தா'. பிரெஞ்சு அறிஞர் கூவியே அப்பெயரையே அம்மீனுக்கு அறிவியற் பெயராக ஏற்றார். கெம்போங் என்று சிங்கப்பூரில் விற்கப்படும் கானாங்கெளுத்தி இன்றும் உலகெங்கும் அப்பெயராலேயே அறிஞரால் குறிக்கப்படுகிறது. பெயரை வைத்தவர் வலை வீசிய மக்கள். அறிவியல் அதை ஏற்றுப் போற்றியது.

வலை வீசியவர்களின் பெயரீடு நுண்மை வாய்ந்தது. சுறா என்று பொதுப்படச் சொல்வதோடு அவர்கள் அமைவதில்லை. தலை இருபுறமும் நீண்டு சுத்தியல்போல் இருப்பதைக் கொம்பன் சுறா என்றனர். சிறிய வகை ஒன்றைப் பால் சுறா என்றனர். வரியுடையதைப் புலிச் சுறா என்றனர். சுறாவைப்போல் நீந்தினும் உண்மையில் திருக்கைக்கு உறவான இனங்களை வேளா என்றும் உளுவை என்றும் பிரித்தறிந்தனர்.

எனினும், மக்கள் வழக்கு எங்கும் பிழையற்றது என்று கூறுவதற்கில்லை. வாவல் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை வாவலும் கருவாவலும் நிறத்தால் மட்டும் வேறுபட்ட உடன்பிறப்புகள் என்றே வாங்குவோர் எண்ணுவர். உண்மையில் கருவாவல் பாரை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளை வாவல் முற்றிலும் வேறு குடும்பத்தினது. இரண்டும் வாழும் முறையாலும் பெருகும் முறையாலும் வேறானவை. ஆகவே, வாவல் வரத்து இவ்வளவு என்று ஒருமித்து எண்ணினால், ஒன்று குறைந்து மற்றொன்று மிகுந்தாலும் அம்மாற்றம் கணக்கில் வெளிப்படாது.

கடலின் செல்வம்

சிங்கப்பூரைச் சூழ்ந்த கடல் பரப்பாற் சிறியது. ஆனால், வளத்தாற் சிறியதன்று. தென்சீனக் கடல், மலாக்கா நீரிணை, ஜாவாக் கடல் ஆகியவற்றின் நீர் வந்து கலக்கும் இடத்தில் இத்தீவு அமைந்துள்ளது. ஆழம் குறைந்த சுண்டா மேட்டின்மேல் கிடக்கும் இக்கடலில், பருவக்காற்று மாறுந்தோறும் நீரோட்டமும் திசை மாறுகிறது. தெற்கே பவளப்பாறைகள் சூழ்ந்த சிறு தீவுகள். வடக்கே ஜொகூர் நீரிணையின் சேற்று நிலமும் அலையாத்திக் காடுகளும். இவ்விருவகை இடங்களும் அடுத்தடுத்து இருத்தலால் உயிர் வகைகளும் பலவாயின.

இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வன்பவள வகைகள் இங்கே காணப்படுகின்றன. உலகிலுள்ள வன்பவள வகைகளில் இஃது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். கடற்புல் வகைகள் பன்னிரண்டு உள்ளன. பவளப்பாறைகளைச் சார்ந்து வாழும் மீன்கள் மட்டுமே நூறு வகைக்கு மேல். சேற்றில் துள்ளும் மீன்களும், களிமண் வளையில் இறாலோடு கூடி வாழும் சிறு மீன்களும், கடற்குதிரைகளும் இவற்றின் வேறாவன.

இச்செல்வத்தைக் கணக்கெடுக்கும் முயற்சி பழமையானது. கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராகப் பணியாற்றிய டேனிஷ்காரர் தியோடர் காண்டர், மலாயாவின் மீன்களைப் பற்றிய பட்டியல் ஒன்றை 1849-ஆம் ஆண்டு வங்க ஆசியக் கழகத்தின் ஏட்டிற்கு எழுதினார். பட்டாவியாவில் வாழ்ந்த டச்சு மருத்துவர் பீட்டர் பிளேக்கர் இந்நீர்ப்பரப்பின் மீன்களை ஆராய்ந்து பெரும் படத்தொகுதிகளை வெளியிட்டார். அவர்கள் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக, தென்சீனக் கடலின் மீன்வகைகளைத் தொகுத்த பட்டியல் ஒன்று 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலேயே வெளியிடப்பட்டது. அதில் 3,365 மீன்வகைகள் குறிக்கப்பட்டுள்ளன. பின்னர் 2010 முதல் 2015 வரை அறிஞரும் பொதுமக்களும் கூடிச் சிங்கப்பூர்க் கடலுயிர்களைக் கணக்கெடுத்தபோது, அறிவியலுக்கே புதியவை எனக் கருதத்தக்க நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் கிடைத்தன. உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றின் வாயிலிலேயே பெயரிடப்படாத உயிர்கள் இத்தனை வாழ்ந்திருந்தன என்பது வியப்புக்குரியது.

வளம் குறைந்த வரலாறு

இத்தகைய கடல் இழந்தவை சிலவல்ல. 1960-ஆம் ஆண்டளவில் 581 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு, கடலைத் தூர்த்ததால் இன்று 730 சதுர கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்துள்ளது. வீடும் துறைமுகமும் வானூர்தி நிலையமும் அதனால் கிடைத்தன. நிலம் பெற்றதைக் கடல் இழந்தது. இயற்கைப் பவளப்பாறைகளில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு மறைந்தது. எஞ்சிய இடங்களிலும் நீர் கலங்கியது. அறுபதுகளில் நீருக்குள் சுமார் பத்து மீட்டர் தொலைவு வரை தெரிந்தது. பிற்காலத்தில் அஃது இரண்டு மீட்டர் அளவாகச் சுருங்கியது. ஒளி புகாத ஆழத்தில் பவளம் வளர்வதில்லை. பவளம் இல்லாத இடத்தில் அதை அண்டி வாழும் மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் இல்லை.

மீன்பிடி முறைகளும் மாறின. பழைய நாளில் இக்கரையோரங்களில் கேலோங் என்னும் மரக்கட்டமைப்புகள் பல நின்றன. நிபோங் பனையின் தண்டுகளைக் கடலடியில் நட்டு, வேலிபோல் நிரைத்து, அவ்வழியே வரும் மீன்களை ஓர் அறைக்குள் செலுத்தி, இரவில் விளக்கொளியில் வலையை மேலே தூக்குவர். கேலோங் ஓரிடத்தில் நிற்பது. அதனை நாடி வந்த மீனையே அது பிடிக்கும். இன்று அவை விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே எஞ்சியுள்ளன.

அண்டைக் கடல்களில் அறுபதுகளில் பரவிய இழுவலையோ மீனைத் தேடிச் சென்று கடலடியையே அரித்து வருவது. தாய்லாந்து வளைகுடாவின் அனுபவம் இதற்குச் சான்றாகும். அங்கே அறுபதுகளின் தொடக்கத்தில் ஆய்வுக் கப்பலின் இழுவலை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 300 கிலோ மீனைத் திரட்டியது. எண்பதுகளில் அது 50 கிலோவுக்கும் கீழே இறங்கியது. ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த வீழ்ச்சி இது.

தாய்லாந்துக் கடலின் செய்தி சிங்கப்பூருக்கு எவ்வாறு உரியது எனின், சிங்கப்பூர் உண்ணும் கடலுணவில் மிகப் பெரும்பகுதி பிற நாடுகளிலிருந்து வருவது. 1969-இல் தொடங்கிய ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் இவ்வணிகத்தின் நடுவிடம். 1997-இல் திறக்கப்பட்ட செனோக்கோ மீன்பிடித் துறைமுகம் 2024-இல் மூடப்பட்டபின் அதன் பணியும் ஜூரோங்கிலேயே சேர்ந்தது. இவ்வாறு பல கடல்களின் மீன் ஒரே வாயிலில் வந்து குவிவதால் நுகர்வோருக்கு ஒரு மயக்கம் உண்டாகிறது. ஒரு கடலில் மீன் அற்றுப்போனால் வணிகர் வேறொரு கடலிலிருந்து தருவிக்கின்றனர். அதுவும் கிட்டாவிடில் ஒத்த சுவையுள்ள வேறு மீன் அதே பெயரில் வந்து அமர்கிறது. சந்தைப் பலகை என்றும் நிறைந்தே தோன்றுகிறது. தன் ஊர்க் கடலை நம்பி வாழும் மீனவனுக்கு வளம் குறைந்த செய்தியை அவன் வெறுங்கூடையே சொல்லிவிடும். நகரத்தாருக்கு அதனைச் சொல்வார் இல்லை.

வேளா என்னும் மீன்

பெயர் நின்று மீன் மறைந்ததற்குத் தக்க எடுத்துக்காட்டு வேளா. இம்மீனின் முகத்திலிருந்து பட்டையான நீண்ட வாள் ஒன்று நீண்டிருக்கும். அதன் இருபுறமும் அரம்பத்தின் பல்லைப்போல் கூர்மையான பற்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஐந்து மீட்டருக்கு மேலும் வளரவல்லது. மலாய்க்காரர் இதனை அரம்பச் சுறா என்னும் பொருள்பட 'யூ கெர்காஜி' என்றனர். வடிவம் சுறாவைப் போன்றதாயினும், செவுள் திறப்புகள் உடலின் அடிப்பக்கத்தில் இருத்தலின் இது திருக்கை இனத்ததே.

காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கோட்டை நட்டு அதில் தெய்வத்தை வைத்து வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுவதைத் தமிழாசிரியர் நன்கு அறிவர். கொம்புபோல் நட்டு நிறுத்தத்தக்க நீண்ட உறுப்பு வேளாவுக்கு உரியதாதலின், அக்கோடு வேளாவின் வாளே எனக் கொள்ள இடமுண்டு. இதனோடு ஒப்பிடத்தக்க வழக்கம் ஒன்று சிங்கப்பூர்ச் சீனர் சமயத்திலும் காணப்படுகிறது. தாவோயிசக் கோயில்களில் அருளாடுவோர் கையில் ஏந்தும் படைக்கலங்களுள் வேளாவின் வாளும் ஒன்று. தொடர்பற்ற இரு மக்கள் ஒரே மீனின் உறுப்பில் தெய்வத்தன்மையைக் கண்டனர்.

அந்த வாளே அதற்குக் கூற்றாயிற்று. எவ்வகை வலையாயினும் பற்கள் அதில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய மீன் தப்புவது அரிது. இம்மீன் முதிர்ச்சி அடையப் பல ஆண்டுகள் ஆகும். ஈனும் குட்டிகளும் சிலவே. ஆதலால், இழந்ததை ஈடுசெய்ய அதனால் இயலவில்லை. இந்தியா 2001-இல் இதனைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவித்தது. 2007-இல் வேளா இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கு அருகிவரும் உயிர்கள் பற்றிய உலக உடன்படிக்கை தடை விதித்தது. அப்போது விடுபட்டிருந்த ஓரினமும் 2013-இல் அத்தடைக்குள் வந்தது. ஆனால், சிங்கப்பூர்க் கடலில் முன்பு வாழ்ந்த வேளா இன்று அற்றுப்போனதாகவே அறிஞர் கருதுகின்றனர். அகராதியில் சொல் இருக்கிறது. கோயிலில் வாள் இருக்கிறது. கடலில் மீன் இல்லை.

வேளா சென்ற வழியில் அதன் உறவான உளுவை இன்று சென்றுகொண்டிருக்கிறது. உளுவை வகைகளின் துடுப்புகளுக்கு வணிகத்தில் மிகுந்த விலை உண்டு. சுறாத் துடுப்பு வணிகத்தில் சிங்கப்பூர் உலகின் முக்கியமான இடைநிலையங்களுள் ஒன்று. 2019-ஆம் ஆண்டில் உளுவை இனங்களின் வணிகம் மேற்சொன்ன உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆனால், எல்லையில் நிற்கும் அதிகாரியின் முன் வருவது முழு மீன் அன்று. தோலுரித்த துண்டும் உலர்ந்த துடுப்புமே. சிங்கப்பூர்ச் சந்தையிலும் கடைகளிலும் விற்கப்பட்ட இத்தகைய துண்டுகளின் மரபணுவை ஆராய்ந்த அறிஞர், பொதுப்பெயரின்கீழ் அருகிவரும் இனங்கள் பல மறைந்திருப்பதைக் கண்டனர். மீனவர் வாய்மொழியில் கொம்பன் என்றும் வேளா என்றும் உளுவை என்றும் பிரிந்து நின்றவை, வணிகர் சீட்டில் ஒரே சொல்லாக மங்கிவிட்டன. அச்சொல்லைப் பிரித்தறிய இன்று ஆய்வுக்கூடமே வேண்டியிருக்கிறது.

ஆண் பெண்ணாதலும் பெண் ஆணாதலும்

பெயரை அடுத்து அறியத்தக்கது மீனின் வளர்ச்சி முறை. கொடுவா இதற்கு நல்ல சான்று. அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்து உடல் பெருத்தபின் பெண்ணாக மாறுவது. காலா மீனின் ஒருவகையிலும் இவ்வியல்பு உண்டு. ஆகவே, சந்தையில் பெரிய கொடுவா என்றும் பெரிய காலா என்றும் விரும்பி வாங்கப்படுபவை பெரும்பாலும் தாய் மீன்களே. களவா மீன்களின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அவை பெண்ணாகத் தொடங்கிப் பின்னர் ஆணாகின்றன. பெரிய களவாக்களையே தேடிப் பிடித்தால் ஆண் மீன்களே அருகிவிடும்.

மீன் குறையும் கடலில் பெரியவை முதலில் மறைகின்றன. பின்னர்ச் சிறியவையே விற்பனைக்கு வருகின்றன. முட்டையிடும் பருவத்தை எட்டுமுன் பிடிபட்ட மீன் தன் இனத்துக்கு ஒன்றும் விட்டுச் செல்வதில்லை. தமிழகக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடைசெய்யப்படுவதன் நோக்கம் இதுவே. முட்டையிடும் காலத்தில் கடலை வாளா விடுவது பின்னர் வரும் பத்து மாதங்களுக்கான முதலீடு போன்றது.

காக்கும் வழிகள்

சிங்கப்பூரில் 1966-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன்பிடிப்பதைத் தடுக்கிறது. பூலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையைத் தூர்க்கும் திட்டம், மக்களும் அறிஞரும் அதன் உயிர்வளத்தை எடுத்துக்காட்டியதால் 2001-ஆம் ஆண்டின் இறுதியில் ஒத்திவைக்கப்பட்டது. 2014-இல் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சூழ்ந்து நாட்டின் முதற் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டது. இரண்டாம் பூங்காவுக்கு லாசரஸ் தீவின் தென்பகுதியும் கூசு பாறையும் 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்டன. நூறாயிரம் பவளங்களை வளர்த்து நடும் திட்டமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது.

காத்தால் கடல் மீளும் என்பதற்கு ஒரு சிறு சான்று உண்டு. கிண்ணம்போன்ற பெரிய கடற்பஞ்சு ஒன்று 1820-களில் சிங்கப்பூர்க் கடலிலிருந்தே அறிஞருலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் அழகே அதற்குப் பகையாகி, பலரும் பறித்துச் சென்றனர். அது முற்றும் அழிந்ததாகவே எண்ணப்பட்ட நிலையில், 2011-இல் தெற்குக் கரைக்கு அப்பால் உயிரோடு காணப்பட்டது. ஆனால், இடர்களும் ஓயவில்லை. கடல்நீர் வெப்பம் மிகுந்து 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தருகே கப்பல்கள் மோதியதில் ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது.

மீனை வளர்த்து உண்டால் கடல் மீனைக் காக்கலாம் என்பாரும் உளர். இதில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை அன்று. 2015-ஆம் ஆண்டில் ஜொகூர் நீரிணையில் நுண்பாசி பெருகியதால் 500 டன்னுக்குக் குறையாத வளர்ப்பு மீன்கள் மடிந்தன. வளர்ப்பு மீனுக்கு உணவாவதும் பலவேளை கடலில் பிடித்த சிறு மீனே. ஆதலால், பண்ணை கடலுக்கு மாற்றன்று. கடல் நலமாக இருந்தாலன்றிப் பண்ணையும் நலமாக இராது.

ஆசிரியர் பணி

சட்டமும் பூங்காவும் சிங்கப்பூரின் எல்லைக்குட்பட்ட நீரையே காக்கும். சந்தைக்கு வரும் மீன் பிறந்த கடல்களை அவை காக்கமாட்டா. அங்கே பயன்படுவது வாங்குவோர் கேட்கும் கேள்வி. இஃது என்ன மீன், எந்தக் கடலினது, பிடித்ததா வளர்த்ததா, முதிர்ந்ததா இளையதா என்று பலரும் கேட்கத் தொடங்கினால் விற்பவரும் அறிந்து சொல்ல முயல்வர். தருவிப்பவரும் எழுதிவைக்க முயல்வர். பெயர் தெரியாதவர் இக்கேள்வியைத் தொடங்கவே இயலாது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு. நெய்தல் திணையைக் கற்பிக்கும்போது சுறாவும் இறவும் அயிலையும் பாடத்தில் வருகின்றன. அவை உரைநூற்சொற்களாக நின்றுவிடுவது மாணவரின் குற்றமன்று. வகுப்பை ஒருநாட்காலை தேக்கா சந்தைக்கு அழைத்துச் சென்று, பலகையில் உள்ள மீன்களின் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் மாணவரே கேட்டு எழுதச் செய்யலாம். முதிய வணிகரும் வீட்டிலுள்ள பாட்டிமாரும் அறிந்த பெயர்கள் பல இன்னும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவற்றைத் தொகுப்பது மொழிப்பணியாகவும் இருக்கும், கடற்பணியாகவும் இருக்கும். கானாங்கெளுத்தியின் இனப்பெயர் உலக ஏடுகளில் நிலைபெற்றது, அன்று ஒருவர் மீனவரிடம் கேட்டு எழுதிவைத்ததனாலேயே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வேளா என்ற சொல்லுக்கு இன்று மாணவருக்குப் படத்தைத்தான் காட்ட முடிகிறது. காலாவுக்கும் கொடுவாவுக்கும் களவாவுக்கும் அந்நிலை வராதிருக்க வேண்டுமாயின், அவற்றைப் பெயர் சொல்லி அறிந்தவர் தொகை பெருக வேண்டும்.